உறங்கும் பிள்ளையின் பல்லோசை

இரவு இரண்டு மணி இருக்கும். முதியோரின் உறக்கம் அந்நேரத்தில் தானாகவே கலைந்துவிடும். அப்படி விழித்துக்கொண்ட பாட்டி ஒருத்தி இருளில் ஓர் ஓசையைக் கேட்டாள். காய்ந்த அம்மியின் மேல் குழவி உரசுவது போன்ற ஓசை. இரண்டு மூன்று விநாடி கேட்டது, நின்றது, மறுபடியும் கேட்டது. பூஜை அறையில் எலி புகுந்து தேங்காயைச் சுரண்டுகிறதோ என்று எண்ணி எழுந்து உட்கார்ந்தாள். ஓசை தன் பக்கத்திலிருந்தே வருகிறது என்று தெரிந்ததும் அவளுக்கு நெஞ்சு துணுக்குற்றது. ஒருக்களித்துப் படுத்திருந்த ஐந்து வயதுப் பேரன், உறக்கத்திலேயே பற்களை நறநறவென்று அரைத்துக்கொண்டிருந்தான். தாடை இறுகியிருந்தது. முகத்தில் சினமோ வலியோ தெரியவில்லை. தலைமாட்டில் வைத்திருந்த திருநீற்றை எடுத்து அவன் நெற்றியில் இட்டாள். சற்றைக்கெல்லாம் ஓசை அடங்கிற்று. அவள்தான் விடியும் வரை உறங்கவில்லை.

காலையில் மருமகளிடம் சொன்னாள். "வயிற்றில் பூச்சியாக இருக்கும் அத்தை, மாத்திரை வாங்கிக் கொடுத்துவிடலாம்" என்று அவள் சமையலறையிலிருந்தே பதில் கூறினாள். மகனோ சிரித்துக்கொண்டே, "நானும் சின்ன வயதில் இப்படித்தான் கடிப்பேன் என்று நீதானே அம்மா சொல்லியிருக்கிறாய்" என்றான். அது பாட்டிக்கு மறந்தே போயிருந்தது. பேச்சு அத்துடன் முடிந்திருக்கும். அன்று பிற்பகல் வந்த பக்கத்து வீட்டு மூதாட்டி முடியவிடவில்லை. "பெரியவர் படுக்கையில் இருக்கும் வீட்டில் பிள்ளை பல்லைக் கடிக்கலாமா? வீட்டுக்கு ஆகாதே!" என்றாள். தாத்தா நெஞ்சுவலி கண்டு மருத்துவமனையிலிருந்து திரும்பி அப்போது ஒரு வாரம்தான் ஆகியிருந்தது.

அந்த அம்மாள் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அந்தச் சொல் வீட்டிலேயே தங்கிவிட்டது. மூன்றாம் நாள், தாத்தாவின் கட்டிலருகே நின்றுகொண்டிருந்த சிறுவன், "என்னால்தான் தாத்தாவுக்கு உடம்புக்கு வந்ததா பாட்டி?" என்று கேட்டான். பெரியவர்கள் கூடத்தில் பேசுவது குழந்தைகளின் காதில் விழாது என்று எண்ணுவது எத்தனை பெரிய தவறு!

உறக்கத்தில் பல்லைக் கடிப்பது அபசகுனம் என்னும் எண்ணம் பல குடும்பங்களில் வழிவழியாக வருகிறது. குழந்தைக்கு மேற்பல் முதலில் முளைத்தால் தாய்மாமனுக்கு ஆகாது என்பதும் இதே குலத்தைச் சேர்ந்த நம்பிக்கைதான். அவ்வாறு பழி கேட்ட தாய்மாமன்கள் பலர் பேரன் பேத்தி எடுத்துச் சுகமாக வாழ்ந்துகொண்டிருக்கிறார்கள். ஆயினும் இவ்வெண்ணம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்பதில் குற்றமில்லை. புராண இதிகாசங்களில் பல்லைக் கடிப்பது சினத்தின் அடையாளம். துரியோதனன் சபையில் வீமன் பல்லை நறநறவெனக் கடித்ததைக் கதாகாலட்சேபங்களில் கேளாத செவி உண்டா? தூணைக் காட்டி மகனை அதட்டிய இரணியனை உபந்நியாசகர்கள் வருணிக்கும்போதும் பல் கடிபடும். கீதையின் பதினோராம் அத்தியாயத்தில் அருச்சுனன் கண்ட விசுவரூபத்தில், படைத்தலைவர்கள் இறைவனின் பற்களிடையே அகப்பட்டுத் தலை நொறுங்குகிறார்கள். இப்படியெல்லாம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, பால் மணம் மாறாத பிள்ளை நடுநிசியில் பல்லை அரைத்தால், அவனுள் வேறு எதுவோ புகுந்துகொண்டு அரைக்கிறது என்று தோன்றுவது இயல்பே.

பழைய வைத்திய நூல்களிலும் இதற்கு இடம் உண்டு. சுசுருத சம்ஹிதையின் உத்தர தந்திரம் குழந்தைகளைப் பீடிக்கும் ஒன்பது கிரகங்களைப் பற்றிப் பேசுகிறது. ஸ்கந்த கிரகம், சகுனி, ரேவதி, பூதனை, நைகமேஷன் முதலிய பெயர்கள் அதில் வருகின்றன. கண்ணனுக்குப் பாலூட்ட வந்த பூதனையும் இப்பட்டியலில் இருப்பதைக் கவனிக்கலாம். இத்தகைய பீடை கண்ட குழந்தை திடீரென்று நடுங்கும், அழும், செவிலியை நகத்தாலும் பல்லாலும் கீறும், கண்ணை மேலே செருகும், பல்லைக் கடிக்கும் என்று ஆயுர்வேத நூல்கள் அடையாளங்களை அடுக்குகின்றன. இவற்றை ஒருசேரப் படிக்கும் இன்றைய மருத்துவருக்குக் கடுங்காய்ச்சலும் வலிப்பும் நினைவுக்கு வரும். முன்னோர்களின் கூர்நோக்கு பழுதானதன்று. ஆனால் அவர்கள் பல குறிகளை ஒன்றுசேர்த்தே சொன்னார்கள். பல் கடிப்பதை மட்டும் தனியே பிய்த்தெடுத்து அச்சம்கொண்டது பிற்கால வழக்கம். இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. தேவர்களையும் பிதிருக்களையும் அதிதிகளையும் பேணாத குடும்பங்களில்தான் இக்கிரகங்கள் குழந்தையை அண்டும் என்கிறது சுசுருதம். அங்கே பழி பெரியவர்கள் மேல்தான் விழுகிறது, துன்புறுவது குழந்தை. குழந்தையால் பெரியவர்களுக்குத் தீங்கு என்ற பேச்சு அவ்விடத்தில் இல்லை.

இனி, அந்த ஓசை எவ்வாறு உண்டாகிறது என்று பார்க்கலாம். மனிதனின் உறக்கம் இரவு முழுவதும் ஒரே ஆழத்தில் இருப்பதில்லை. ஆற்றில் நீந்துகிறவன் மூழ்குவதும் மேலே வருவதுமாக இருப்பது போல, உறக்கமும் ஆழ்ந்தும் மேலெழுந்தும் செல்லும். மேலெழும் வேளைகளில் மூளை கண நேரம் அரைகுறையாக விழிக்கிறது. இதயத் துடிப்பு சற்று விரைவுபடுகிறது. அதனோடு தாடைத் தசைகளும் இறுகித் தளர்கின்றன. கன்னத்தில் கை வைத்துப் பல்லைக் கடித்தால் கைக்கடியில் ஒரு தசை புடைப்பது தெரியும். உணவை மெல்வதற்காக அமைந்த வலுவான தசை அது. விழித்திருக்கும்போது, பல்லோடு பல் அழுத்தமாக மோதினால் உடனே வாய் தளர்ந்துவிடும். உறக்கத்தில் அந்தக் காவல் தளர்ந்திருப்பதால் தசை தன் வலுவையெல்லாம் காட்டுகிறது. உடம்பிலேயே மிகக் கடினமான பொருள் பல்லின் மேற்பூச்சு. இரண்டு மேற்பூச்சுகள் உரசும்போது எழும் ஒலிதான் பாட்டியை எழுப்பியது. ஒவ்வொரு முறையும் அது சில விநாடிகளே நீடிக்கும். திருநீறு இட்டதும் நின்றது என்றால், இடாவிட்டாலும் நின்றிருக்கும். அதற்காகத் திருநீறு இட்டது வீண் என்று யாரும் சொல்லப்போவதில்லை. பாட்டியின் நெஞ்சுப் படபடப்பு சற்றேனும் அடங்கிற்று அல்லவா?

கடிக்கும் குழந்தைக்கு அது தெரியவே தெரியாது. கெட்ட கனவு காண்கிறான் என்று எண்ண வேண்டியதும் இல்லை. கனவு மிகுந்து வரும் உறக்கப் பகுதியைவிட, கனவு குறைந்த மேலோட்டமான உறக்கத்திலேயே இது அதிகம் நிகழ்கிறது. பெற்றோருள் ஒருவருக்கு இளமையில் இப்பழக்கம் இருந்திருந்தால் பிள்ளைக்கும் வருவதற்கு வாய்ப்பு மிகுதி. மகன் சிரித்துக்கொண்டு சொன்னதில் பொருள் இருந்தது.

குழந்தையின் வாய் ஓயாமல் மாறிக்கொண்டிருக்கும் இடம். ஆறாம் மாதத்தை ஒட்டி முதற்பல் எட்டிப் பார்க்கிறது. பல் கொழுக்கட்டை செய்து பிள்ளையின் தலைமேல் கொட்டி அக்கம்பக்கத்தாருக்கு வழங்குகிறார்கள். இரண்டரை மூன்று வயதுக்குள் இருபது பால்பற்களும் முளைத்துவிடும். ஆறாம் வயதில் அவை விழத் தொடங்கி, பன்னிரண்டு வயது வரை ஒன்று போக ஒன்று வந்துகொண்டிருக்கும். பல்லுக்கு வடமொழியில் துவிஜம், அதாவது இருமுறை பிறப்பது என்று ஒரு பெயர் உண்டு, பொருத்தமான பெயர்தான். கந்த சஷ்டி கவசம் முப்பத்திரண்டு பற்களையும் எண்ணிக்கையோடு சொல்லி வேலிடம் ஒப்படைக்கிறது. நான்கு வயதுக் குழந்தையின் தலையில் கை வைத்து அதை ஓதும் பாட்டி, இன்னும் முளைக்காத பன்னிரண்டு பற்களுக்கும் சேர்த்தே முன்கூட்டிக் காப்பு வாங்கிவிடுகிறாள்! இந்த மாற்றங்கள் நிகழும் ஆண்டுகளில்தான் பல் கடிக்கும் பழக்கம் மிகுதியாகக் காணப்படுகிறது. நிலைப்பற்கள் முளைக்கும் பருவத்திலோ, அதையடுத்த பதின்பருவத்திலோ பெரும்பாலான பிள்ளைகள் மருந்தில்லாமல் இதை விட்டுவிடுகிறார்கள்.

பூச்சியைப் பற்றி மருமகள் சொன்னதற்கு வருவோம். பல்லைக் கடித்தால் வயிற்றில் பூச்சி என்பது நாடெங்கும் உள்ள நம்பிக்கை. வேப்பங்கொழுந்து உருண்டையும் விளக்கெண்ணெயும் இதற்காகவே எத்தனையோ பிள்ளைகளின் தொண்டையில் இறங்கியிருக்கின்றன. ஆராய்ந்து பார்த்த மருத்துவர்களிடையே இதில் ஒருமித்த கருத்து இல்லை. பூச்சி உள்ள பிள்ளைகள் சிலர் கடிக்கிறார்கள். பூச்சியே இல்லாத பிள்ளைகளும் கடிக்கிறார்கள். ஆசனவாயில் இரவு நேரத்தில் அரிப்பு உண்டாக்கும் கீரிப்பூச்சி, பிள்ளையின் உறக்கத்தைக் கலைக்கும் என்பது மட்டும் உண்மை. உறக்கம் கலைந்தால் மற்றத் தொல்லைகளும் சேரலாம். ஆகவே பூச்சி மருந்து தீமையன்று. அதைக் கொடுத்தும் பல்லோசை நிற்கவில்லையே என்று திகைப்பதற்குத்தான் இடமில்லை. இந்திய அரசின் தேசியக் குடற்புழு நீக்கத் திட்டம் 2015 முதல் நடந்துவருகிறது. பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 ஆகிய நாட்களை ஒட்டிப் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் 1 முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்கு அல்பெண்டசோல் மாத்திரை இலவசமாகத் தருகிறார்கள். 400 மில்லிகிராம் மாத்திரை. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு அதில் பாதி. பள்ளியில் கொடுத்ததை அறியாமல் வீட்டிலும் ஒன்று கொடுத்துவிடாதிருக்க, பிள்ளையின் நாட்குறிப்பைப் பார்ப்பது நல்லது.

மண் தின்ற கண்ணனை யசோதை பிடித்து நிறுத்தி, "வாயைத் திற" என்று அதட்டினாள். உள்ளே ஈரேழு உலகமும் தெரிந்தது. அது அவளுக்கு வாய்த்த பேறு. மற்றப் பாட்டிமார்கள் பேரனின் வாயைத் திறந்து பார்த்தால் தெரிய வேண்டியவை வேறு. கடைவாய்ப் பற்களின் மேடுகள் தேய்ந்து தட்டையாகிவிட்டனவா, முன்பற்களின் நுனி மழுங்கிச் சமமாகிவிட்டதா, எங்கேனும் விண்டிருக்கிறதா என்பதைப் பகல் வெளிச்சத்தில் பார்க்கலாம். குளிர்ந்த நீர் பட்டால் பல் கூசுகிறது என்கிறானா, காலையில் எழுந்ததும் கன்னம் வலிக்கிறது, தலை வலிக்கிறது என்கிறானா என்பதைக் கேட்கலாம். இவற்றுள் ஏதேனும் இருந்தால் பல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். இல்லையெனில் ஆறு மாதத்திற்கு ஒருமுறை வழக்கமாகக் காட்டுவதே போதும். பெரியவர்களுக்குச் செய்து தருவது போன்ற இரவு உறையைப் பால்பற்களுக்குப் பெரும்பாலும் தருவதில்லை. வளரும் தாடைக்கு அது தடையாகும்.

இதுவரை சொன்னதெல்லாம் அச்சத்தைக் குறைப்பவை. அச்சப்பட வேண்டிய இடம் ஒன்று உண்டு. அதைப் பலர் பார்ப்பதில்லை. அது மூச்சு.

மூக்கின் பின்புறத்தில், உள்நாக்குக்கு மேலே, அடினாய்டு என்னும் மெல்லிய சதை இருக்கிறது. தொண்டையின் இரு பக்கங்களிலும் டான்சில் இருக்கிறது. சிறு வயதில் இவை இயல்பாகவே சற்றுப் பெரிதாக இருக்கும். அடிக்கடி சளி பிடிக்கும் பிள்ளைகளுக்கும் ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்கும் இவை மேலும் வீங்கிக் காற்று வழியை அடைக்கின்றன. விழித்திருக்கையில் எப்படியோ சமாளித்துக்கொள்ளும் குழந்தை, உறங்கித் தசை தளர்ந்ததும் வாயைத் திறந்து மூச்சு விடுகிறது, குறட்டை விடுகிறது. சில கணங்கள் மூச்சே நின்று, பின் ஒரு திணறலோடு திரும்புகிறது. அவ்வாறு திணறித் திரும்பும் ஒவ்வொரு முறையும் மூளை அரைகுறையாக விழிக்கிறது. பல் அரைபடுவதும் அந்த அரை விழிப்பில்தான். இத்தகைய பிள்ளைகள் இரவில் மிகுதியாக வியர்ப்பதும், கழுத்தைப் பின்னுக்கு வளைத்துப் படுப்பதும், நின்றுபோன படுக்கை நனைக்கும் பழக்கம் மீண்டும் தொடங்குவதும் உண்டு. பகலில் சோர்ந்து உட்காருவார்கள் என்று எதிர்பார்க்கக் கூடாது. பெரியவர்கள் உறக்கம் குறைந்தால் தூங்கி வழிவார்கள். குழந்தைகள் பலர் அதற்கு நேர்மாறாகத் துறுதுறுவென்று ஓடுவார்கள், எரிந்து விழுவார்கள், வகுப்பில் பாடத்தில் மனம் நிலைக்காது. "பிள்ளை அடங்க மாட்டேன் என்கிறான்" என்று ஆசிரியை எழுதியனுப்பும் குறிப்புக்குக் காரணம் சில சமயம் அவன் தொண்டையில் இருக்கிறது. குறட்டை விட்டால் நன்றாகத் தூங்குகிறான் என்று பொருள் கொள்வது பழைய பிழை. அதை இன்றும் செய்வோர் எத்தனை பேர்!

இந்த மூச்சைக் கேட்பதற்கு வீட்டில் தகுந்தவர் யார்? பகலெல்லாம் அலுவலகத்தில் உழைத்து வந்து படுத்ததும் உறங்கிவிடும் பெற்றோர் அல்லர். நள்ளிரவில் விழித்துக்கொண்டு விடியலுக்காகக் காத்துக் கிடக்கும் தாத்தா பாட்டிகளே. உறக்கம் வரவில்லையே என்று அவர்கள் நொந்துகொள்ளும் அந்த நேரம், பக்கத்தில் படுத்திருக்கும் பிள்ளைக்குக் காவல் நேரமாகிவிடுகிறது.

மேலே சொன்ன வீட்டில் நடந்ததும் அதுதான். காது மூக்கு தொண்டை மருத்துவர் பெற்றோரிடம், "குறட்டை உண்டா? மூச்சு நிற்கிறதா? எவ்வளவு நேரம்?" என்று கேட்டார். தாய் கணவனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். கைக்குழந்தையோடு அவர்கள் வேறு அறையில் படுப்பவர்கள். பின்னால் நின்றிருந்த பாட்டிதான் பதில் சொன்னாள். அச்சம் வந்தால் சிவநாமம் சொல்வது அவள் வழக்கம். பேரனின் குறட்டை திடீரென நின்றதும் சொல்லத் தொடங்குவாளாம். சில இரவுகளில் பத்து முறை "சிவசிவ" என்று சொல்லி முடித்த பிறகே மூச்சு இழுபட்டுத் திரும்பும், உடனே பல் நறநறக்கும் என்றாள். மருத்துவர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவளையே மீண்டும் ஒருமுறை சொல்லச் சொன்னார். பிறகு சிறுவனின் மூக்கின் பின்புறத்தைப் படம் பிடிக்க அனுப்பினார்.

எல்லாப் பிள்ளைகளுக்கும் இவ்வளவு தேவைப்படாது. பல்லோசை மட்டும் இருந்து, மூச்சு சீராக இருந்தால், வீட்டில் செய்ய வேண்டியது பெரும்பாலும் மாலைப் பொழுதைச் சீர்படுத்துவதே. மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைக்குப் பகல் உறக்கத்தையும் சேர்த்து நாளொன்றுக்கு 10 முதல் 13 மணி நேரமும், ஆறு முதல் பன்னிரண்டு வயது வரை 9 முதல் 12 மணி நேரமும் உறக்கம் வேண்டும். இரவு பத்தரை மணி வரை தொலைக்காட்சித் தொடரின் முன் பிள்ளையை மடியில் வைத்திருக்கும் வீடுகளில் இது எவ்வாறு கிட்டும்? அத்தொடர்களில் மாமியாரும் மருமகளும் ஒருவரைப் பார்த்து ஒருவர் பல்லைக் கடிப்பதையே குழந்தை அரைமணி நேரம் பார்க்கிறது. உறங்கிய பின் அதன் பல் மட்டும் சும்மா இருக்க வேண்டுமாம்! கைப்பேசியும் அப்படியே. உறங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே இவற்றை அணைத்துவிடுவது உத்தமம். தாத்தாவின் டம்ளரிலிருந்து மாலையில் இரண்டு வாய் காபி குடிக்கும் சலுகையையும் நிறுத்திவிட வேண்டியதுதான். காபி உறக்கத்தை மேலோட்டமாக்கும். அது தாத்தாவுக்கும் பொருந்தும். ஆனால் அதை அவரிடம் யார் சொல்வது?

மனக்கலக்கமும் ஒரு காரணம். புதிதாகப் பள்ளியில் சேர்ந்த ஆண்டு, தம்பி தங்கை பிறந்த மாதம், வீடு மாறிய நாட்கள், பெற்றோரிடையே ஓயாத வாக்குவாதம் ஆகிய வேளைகளில் பல் கடிப்பது மிகுவதைப் பலர் கண்டிருக்கிறார்கள். தமிழில் பல்லைக் கடிப்பது என்றால் சினம் மட்டுமன்று. "பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொண்டேன்" என்று சொல்வதும் உண்டு. சொல்லத் தெரியாத பிள்ளையும் எதையோ அவ்வாறு பொறுத்துக்கொண்டிருக்கலாம். "ஏன் பல்லைக் கடிக்கிறாய்?" என்று காலையில் அதட்டிக் கேட்பதால் பயனில்லை, அவனுக்குத் தெரியாது. "பள்ளியில் யார் பக்கத்தில் உட்கார்ந்தாய், யாரோடு சாப்பிட்டாய்?" என்று மாலையில் கேட்டால் ஏதேனும் வெளிவரும்.

அந்திப்பொழுதில் குழந்தைக்குக் காப்பிடுவது இந்நாட்டின் தொன்மையான வழக்கம். திருவெள்ளறைப் பெருமானையே ஓடியாடும் கண்ணனாகப் பாவித்து, பொழுது சாய்ந்துவிட்டது, காப்பிட வா என்று பெரியாழ்வார் அழைத்தார். பூதனை மாண்டபின் ஆய்ச்சியர் குழந்தையைத் தூக்கிவந்து, பசுவின் வாலால் சுற்றி, கோதூளி பூசி, ஒவ்வோர் அங்கத்துக்கும் ஒரு திருநாமம் சொல்லிக் காப்பிட்டதைப் பாகவதத்தின் பத்தாம் ஸ்கந்தம் விரிவாகச் சொல்கிறது. விளையாடும்போது காக்கும் பொறுப்பைக் கோவிந்தனிடமும், உறங்கும்போது காக்கும் பொறுப்பை மாதவனிடமும் அவர்கள் ஒப்படைக்கிறார்கள். இதை நாள்தோறும் ஒரே நேரத்தில், விளக்கைத் தணித்துவிட்டு, தாழ்ந்த குரலில் செய்தால், குழந்தையின் உடம்பு அந்நேரத்தை அறிந்துகொண்டு தானாகவே உறக்கத்துக்கு ஆயத்தமாகிறது. உறங்குமுன் இதைச் செய், அடுத்து இதைச் செய் என்று மாறாத ஒழுங்கு வேண்டும் என்றுதான் இன்றைய குழந்தை மருத்துவர்களும் சொல்கிறார்கள். படுக்கும்போது இராமன், கந்தன், அனுமன், கருடன், வீமன் ஆகிய ஐவரையும் நினைத்தால் தீய கனவு அண்டாது என்று ஒரு சுலோகம் சொல்வது பல வீடுகளில் உண்டு. பல்லைக் கடித்த வீமனே காவலுக்கு வருகிறான் என்று சொன்னால் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே கண்ணை மூடுவார்கள். கதை சொல்வதிலும் சிறிது கவனம் வேண்டும். இரணியனின் குடலை நரசிம்மர் மாலையாக அணிந்த கட்டத்தைப் பகலில் சொல்லலாம். படுக்கையில் சொல்லக் குகனும் அணிலும் வேண்டிய மட்டும் இருக்கிறார்கள்.

செய்யக் கூடாதவையும் சில உண்டு. கடிப்பதை நிறுத்துவதற்காக உறங்கும் குழந்தையின் வாயில் துணியையோ விரலையோ வேறு எதையுமோ வைக்கலாகாது, மூச்சுக்குழலுக்குள் போய்விடும். உலுக்கி எழுப்புவதும் வேண்டாம். மெல்ல ஒருக்களித்துத் திருப்பிப் படுக்கவைத்தால் போதும். பூச்சிக்கென்று பேதிக்குக் கொடுப்பதைக் கைவிட வேண்டும்; சிறு உடம்பிலிருந்து நீர் வற்றிப்போகும். பூஜைக் கற்பூரத்தை எண்ணெயில் காய்ச்சிப் பிள்ளையின் மார்பில் தடவுவதும், ஒரு துளி உள்ளுக்குக் கொடுப்பதும் சில இடங்களில் இன்னும் நடக்கின்றன. சிறிதளவு கற்பூரம் வயிற்றில் போனாலும் குழந்தைக்கு வலிப்பு வரலாம். பூஜை அறையில் அதைக் கைக்கெட்டாத உயரத்தில் வைப்பது நன்று. பல் கடிப்பதோடு கண் செருகுதல், கை கால் வெட்டி இழுத்தல், வாயில் நுரை, அழைத்தால் எழாமை இவற்றில் எது சேர்ந்தாலும், சுற்றிப் போடுவதற்குக்கூடக் காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

வேண்டுதல் வேண்டாம் என்று இதற்குப் பொருளன்று. பாட்டி அன்று விடியற்காலையிலேயே வைத்தீசுவரன் கோயிலுக்கென்று மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்துவிட்டாள். தன்னையே வைத்தியநாதன் என்று சொல்லிக்கொண்டு, பக்கத்தில் தையல்நாயகியைத் தைலத்தோடு நிறுத்திக்கொண்டிருக்கும் பெருமான், வைத்தியரிடம் போனதற்காகவா கோபித்துக்கொள்வார்?

படத்தில் அடினாய்டு சதை காற்று வழியைப் பெரிதும் அடைத்திருந்தது தெரிந்தது. முதலில் மூக்கில் அடிக்கும் மருந்தைக் கொடுத்து இரண்டு மாதம் பார்த்தார்கள். போதிய குணம் தெரியாததால் அடினாய்டையும் டான்சிலையும் எடுத்துவிட்டார்கள். இந்த அறுவைக்குப் பின் பல் கடிப்பது பல குழந்தைகளிடம் குறைந்துவிடுகிறது. இவனுக்கும் குறட்டை நின்றது. பல்லோசை முழுவதும் போகவில்லை. பள்ளியில் தேர்வு நாட்களில் இன்றும் எப்போதாவது கேட்கிறது. பாட்டி இப்போது எழுந்து உட்காருவதில்லை. படுத்தபடியே மூச்சை மட்டும் கேட்கிறாள். அது சீராக வந்தால் மறுபக்கம் திரும்பிக்கொள்கிறாள்.

சிறுவன் கேட்ட கேள்விக்குத் தாத்தாதான் விடை சொன்னார். தமக்கு இருபது ஆண்டுகளாக இரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் இருப்பதையும், மருந்தை இரண்டு மாதம் தாமே நிறுத்திவிட்டதையும், அவன் பிறப்பதற்கு முன்பே மருத்துவர் தம்மை எச்சரித்ததையும் ஐந்து வயதுப் பிள்ளைக்குப் புரியும்படி விளக்கினார். மனைவியிடம்கூட ஒப்புக்கொள்ளாத செய்தி அது. கேட்டுக்கொண்டிருந்த பாட்டி அன்றிலிருந்து மாத்திரைப் பெட்டியைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டாள்.

அடுத்த ஆண்டு அவனுடைய கீழ்வரிசை முன்பல் ஒன்று விழுந்தது. நுனி தேய்ந்து வெட்டிவிட்டாற்போல் சமமாக இருந்தது. சாணி உருண்டையில் பொதிந்து கூரைமேல் எறிய வேண்டும் என்று பாட்டி சொன்னாள். அடுக்குமாடிக் குடியிருப்பில் சாணிக்கு எங்கே போவது? தாத்தா கைத்தடியை எடுத்துக்கொண்டு, பேரனின் கையைப் பிடித்தபடி, இரண்டு தெரு தள்ளியிருக்கும் கோயில் கோசாலை வரை நடந்து போய் வாங்கி வந்தார்.